ஆறிய காலும் தேறிய காலும்

பெங்களூர் மாநகரில் ஏப்ரல் மாத இறுதியிலோ மே மாதத்திலோ வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு வெளுக்குமுன்பே வீதிகள் விழித்துக்கொள்கின்றன. அன்றுதான் நகரின் புகழ்பெற்ற பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் நடைபெறுகிறது. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதலாகத் தொடங்கிய இவ்வோட்டம், உலகெங்கும் பெருந்தொற்று பரவிய காலத்தில் வீதியில் நடைபெறாமற் போனது.  தொடக்க ஆண்டுகளில் கண்டீரவ விளையாட்டரங்கை மையமாகக் கொண்டு நடந்தது. அண்மைக் காலத்தில் காமராஜ் சாலையை ஒட்டிய மானெக்‌ஷா அணிவகுப்பு மைதானப் பகுதி அதற்குரிய இடமாகியிருக்கிறது.

கென்யாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வரும் வீரர்கள் பத்துக் கிலோமீட்டரை ஏறத்தாழ 28 நிமிடங்களில் ஓடி முடிப்பதைக் காண மக்கள் கூடுவது இயல்பே. ஆயினும் நேயர்களே, இந்த ஓட்டத்தின் பெருங்கூட்டம் அவர்களைப் பின்தொடர்வதன்று. 'மஜா ஓட்டம்' என்று கன்னட மக்கள் களிப்போடு வழங்கும் பிரிவொன்று உண்டு. அது ஐந்து முதல் ஆறு கிலோமீட்டர் வரையிலான தூரம். அதில் முதற் பரிசுக்கு முந்துவார் இல்லை. தாத்தாவும் பேரனும் கைகோத்துச் செல்லலாம், நடக்கலாம், நின்று படம் பிடித்துக்கொள்ளலாம். முதியோருக்கும் உடற்குறை உடையோருக்கும் அதனினும் குறுகிய தனி ஓட்டங்கள் உள்ளன. ஆகவே ஒரு குடும்பம் முழுவதும், அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப, ஒரே காலைப் பொழுதில் ஒரே வீதியில் இறங்குவதற்கு இடம் இருக்கிறது.

அப்படி இறங்கும் குடும்பத்தில் ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டுப் பிரித்து ஆறு மாதம் ஆகியிருக்கலாம். மற்றொருவருக்குக் கணுக்கால் சுளுக்கி வீக்கம் வடிந்து சில வாரமே ஆகியிருக்கலாம். இவர்கள் ஓடலாமா? ஓடலாமெனில் எப்படி ஓடுவது? வீட்டார் துணை செய்வதற்கும் தொல்லை செய்வதற்கும் இடையேயுள்ள எல்லை எது? இன்றைய பேச்சு இவற்றைப் பற்றியது.

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்துக் காலங்கழிப்பவனுக்குச் சொல்லில் சிக்கி நிற்கும் வழக்கம் உண்டு. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் 'ரெக்கவரி' என்ற சொல் வந்தால் சம்பளப் பிடித்தம் என்று பொருள். அதைக் கேட்டு மகிழ்ந்தவர் எவருமிலர். மருத்துவர் வாயில் அதே சொல் வரும்போது தமிழில் அதற்கு ஒன்றுக்கு இரண்டு சொற்கள் ஆயத்தமாக நிற்கின்றன. ஒன்று ஆறுதல், மற்றொன்று தேறுதல். புண் ஆறுகிறது, உடம்பு தேறுகிறது. புண் தேறியது என்று நாம் சொல்வதில்லை. பரீட்சையில் தேறினான் என்கிறோமே, அந்தத் தேறுதலில் ஒரு சோதனைக்கு உட்பட்டு நின்ற பொருள் இருக்கிறது. வலி நீங்குவது ஆறுதல். பழைய பளுவைத் தாங்கும் வலிமை மீள்வது தேறுதல். முதலாவது வந்த பின்னர் இரண்டாவது வர வாரங்களும் மாதங்களும் ஆகும். காயம்பட்டவர் மறுபடியும் காயம்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியிலேதான்.

எலும்பு முறிந்தால் உடம்பு செய்யும் பணி வியக்கத்தக்கது. முறிந்த இடத்தில் குருதி கசிந்து உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் அங்கே மென்மையான இணைப்பு ஒன்று படர்ந்து இரு முனைகளையும் பற்றிக்கொள்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கெட்டிப்படுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பாயின் நான்கு, ஆறு மாதங்கள்கூட ஆகலாம். குழந்தைகளுக்கு விரைவிலேயே கூடிவிடும். மாவுக்கட்டாயினும், உள்ளே செலுத்திய உலோகக் கம்பியாயினும், எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு தானே ஒட்டிக்கொள்ளும்வரை அதை அசையாமல் பிடித்திருக்கும் வேலையைத்தான் அவை செய்கின்றன. ஒட்டிய பின்னரும் பணி முடிவதில்லை. பளு எந்தத் திசையில் விழுகிறதோ அந்தத் திசைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டில் எடுத்துரைத்த கருத்து இது. பளுவே படாத எலும்பு மெலிகிறது; அளவான பளு படும் எலும்பு உறுதி பெறுகிறது.

சுளுக்கை மக்கள் எளிதாகக் கருதுகிறார்கள். எண்ணெய் தடவி நீவிவிட்டால் சரியாகும் என்பது பொது நம்பிக்கை. உண்மையில், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் சற்றே கிழிந்திருப்பதுதான் சுளுக்கு. வீக்கம் சில நாள்களில் வடிகிறது. கிழிந்த இடத்தை நிரப்பப் புதிய இழைகள் வருவதற்கு ஆறு வாரம் வரை ஆகிறது. அவ்விழைகளும் முதலில் வைக்கோற்போர் போலத் தாறுமாறாகக் கிடக்கின்றன. நிரைப்பட்டு முறுக்கேற ஓராண்டு வரை ஆகலாம். இதனோடு வேறொன்றும் சேர்கிறது. கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே மூளைக்கு உணர்த்தும் நுண்ணிய நரம்பு முனைகளும் அந்த நாரிலே உள்ளன. அவையும் பழுதுபடுகின்றன. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் மீண்டும் சுளுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரருகே நின்று, ஒற்றைக்காலில், கண்களை மூடி, பத்து வரை எண்ணுங்கள். நலமான காலில் நிற்பதற்கும் சுளுக்கிய காலில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு உடனே விளங்கும். அதே ஒற்றைக்கால் நிலையே அதற்குரிய மருந்துமாகும். நாள்தோறும் பல் துலக்கும்போது செய்தால் தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டியதில்லை.

இனி ஓய்வைப் பற்றி. காயம் பட்டால் ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாக்கித் தந்தவர் கேப் மிர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். 1978ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் வாயிலாக அது உலகெங்கும் பரவியது. நம் பள்ளிகளின் முதலுதவிப் பாடத்திலும் இடம் பெற்றது. அதே மிர்க்கின் 2014ஆம் ஆண்டில், பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தம் சூத்திரத்தைத் தாமே திருத்தினார். வேதனை மிகுந்த முதல் சில நாள்களுக்கு ஓய்வு தேவையே. அதற்குப் பிறகு அசையாதிருப்பதே ஒரு கேடாகிறது. மாவுக்கட்டுக்குள் இருந்த கால், கட்டுப் பிரித்த அன்று மற்றக் காலைவிட மெலிந்து தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். முதியவர்களுக்கு இவ்விழப்பு இன்னும் விரைவாக நேர்கிறது, மீட்பதும் கடினம்.

இதற்குச் சுவையான சான்று ஒன்று உண்டு. ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்பவர் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர்; ஓட்டப் பழக்கமும் உடையவர். அவருக்குக் குதிகாலின் மேலுள்ள தடித்த நாணில் நீங்காத வலி இருந்தது. அறுவை செய்யுமாறு தம் மேலதிகாரியை வேண்டினார், அவர் இசையவில்லை. நாண் முற்றும் அறுந்தால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணி, படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தாழ்த்தித் தாழ்த்தி அதை வருத்தினார். நாண் அறவில்லை, வலிதான் போயிற்று! பிறகு அதையே முறைப்படுத்தி, வேளைக்கு மும்முறை பதினைந்து தடவையாக, நாளைக்கு இருவேளை, பன்னிரண்டு வாரம் என்று வகுத்து, 15 ஓட்டக்காரர்களிடம் சோதித்து 1998ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் கற்பிக்கும் பயிற்சி இது. (அவர் மேற்கொண்ட எண்ணத்தை எவரும் பின்பற்ற வேண்டா, பயிற்சியைப் பின்பற்றினால் போதும்.)

பன்னிரண்டு வாரம், நாளைக்கு இருவேளை, வலிக்க வலிக்க ஒருவர் தனியே செய்து வருவது எளிதன்று. இங்கேதான் குடும்பம் வருகிறது.

வில்மா ருடால்ஃபின் பெயரை நேயர்கள் சிலர் கேட்டிருக்கலாம். 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், வறிய கறுப்பினக் குடும்பம் ஒன்றில், தந்தையின் இருபத்திரண்டு மக்களில் இருபதாமவராகப் பிறந்தவர். இளமையிலேயே இளம்பிள்ளை வாதம் அவருடைய இடக்காலை முடக்கியது. அது காயமன்று, நோய்தான். ஆயினும் அவர் தேறிய வகை நம் பொருளுக்கு நேரே உரியது. கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால் நாஷ்வில் நகரில் இருந்தது. தாய் வாரந்தோறும் பேருந்தில் மகளை அங்கே அழைத்துச் சென்றார். வாரம் ஒருமுறை சிகிச்சை போதாதென்று கண்டு, காலை நீவிவிடும் முறையைத் தாமே கற்று, மூத்த பிள்ளைகளுக்கும் கற்பித்தார். நாளைக்கு நான்கு வேளை, முறை வைத்துக்கொண்டு, உடன்பிறந்தோர் அந்தக் காலை நீவினர். கால் தாங்கியை அணிந்து நடந்த அச்சிறுமி, 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். கான்சாஸ் மாநிலத்தில் பள்ளித் தீவிபத்தில் ஏழெட்டு வயதில் இரு கால்களும் வெந்துபோன கிளென் கன்னிங்ஹாம் இன்னொருவர். அவருடைய தமையன் அவ்விபத்தில் மாண்டான். காலை வெட்டிவிட வேண்டும் என்றனர் மருத்துவர், பெற்றோர் இசையவில்லை, தாய் அன்றாடம் நீவிவந்தார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

வெறும் நீவலால் வாதம் தீர்ந்ததென்றோ வெந்த தசை வளர்ந்ததென்றோ நான் கூறவில்லை. மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறை காண்கிறார். வீட்டார் நாளைக்கு நான்குமுறை காண்கின்றனர். பயிற்சி தவறாமல் நடப்பதும் தவறிப்போவதும் வீட்டில்தான் தீர்மானமாகிறது.

ஆனால் வீட்டின் அன்பிலேயே ஆபத்தும் இருக்கிறது. நம் குடும்பங்களில் நோயுற்றவரை எழவிடாமல் உபசரிப்பது ஒரு பண்பாடாகவே இருந்துவருகிறது. 'நீ உட்கார், நான் கொண்டுவருகிறேன்' என்று ஆறு மாதம் சொல்லப்பட்டவனுக்குத் தன் காலின்மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. எல்லாரும் ஒரே நிறத்துச் சட்டை வாங்கியாயிற்று, ஊரிலிருந்து அத்தையும் வந்தாயிற்று என்னும்போது, 'எனக்கு வலிக்கிறது, நான் வரவில்லை' என்று சொல்ல ஒருவருக்கு நா எழாது. தனியாளாக ஓடுபவன் தன் வலிக்கு மட்டும் விடை சொன்னால் போதும். குடும்பத்தோடு ஓடுபவனுக்குப் பிறர் முகவாட்டமும் கண்ணில் படுகிறது.

எங்கள் இல்லத்தையே எடுத்துக்காட்டாகக் கூறலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மழை நாளில் இருசக்கர வண்டி சறுக்கி விழுந்து வலக்கால் எலும்பை முறித்துக்கொண்டான். மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவன். நடையே அவன் தொழில். ஏழு மாதம் கழித்து எலும்பு நன்றாகக் கூடிவிட்டதென்று எக்ஸ்ரே காட்டியது, மருத்துவரும் கூறினார். அவனோ சுவரைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க மாட்டான். வேலைக்குத் திரும்பும் நாளை மூன்றுமுறை தள்ளிப்போட்டாயிற்று. நிறுவனம் எத்தனை நாள் பொறுக்கும் என்ற கவலை வீட்டைப் பிடித்துக்கொண்டது. அதே சமயத்தில் என் மனைவி பேருந்திலிருந்து இறங்கும்போது கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். தம்பியின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வளரும் பருவத்தில் பல பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலி அவளுக்கும் இருந்தது. வீட்டிலுள்ள எட்டுக் கால்களில் என்னுடைய இரண்டைத் தவிர மற்ற மூவருக்கும் தலைக்கு ஒரு கால் பழுது என்று சொல்லி அவள் சிரிப்பாள். மஜா ஓட்டத்துக்கு நால்வர் பெயரையும் பதிவு செய்யவேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவளும் அவளே.

இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் எடுத்தது ஓர் அளவுநாடா. தம்பியின் இரு தொடைகளையும் அளந்தார். வலத்தொடை மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. 'எலும்பு ஆறிவிட்டது, தசை தேறவில்லை. அஞ்ச வேண்டியது முறிவை அன்று, இந்த மூன்று சென்டிமீட்டரை' என்றார். அவனுடைய அச்சத்துக்கு ஓர் அளவு கிடைத்தது. அளக்க முடிந்ததைக் குறைக்கவும் முடியும் அல்லவா? நாற்காலியில் அமர்ந்து எழுதல், படியேறுதல், குதிகாலை உயர்த்துதல் என்று மூவருக்கும் வெவ்வேறு பயிற்சிகளை எழுதித் தந்தார். மாலை ஆறு மணிக்கு முன்கூடத்தில் மூவரும் செய்வார்கள். எண்ணுவது என் பணி.

ஓட்டப் பயிற்சியைப் பற்றி அவர் சொன்னவற்றில் முதன்மையானது, நடையையும் ஓட்டத்தையும் கலந்து செய்வது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலைத் தாக்குகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் காலில் 120 முதல் 180 கிலோ! மெல்ல ஓடுபவர் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடிக்கு மேல் வைக்கிறார். நடக்கும்போதோ அந்த விசை உடல் எடைக்குச் சற்று மேலாகவே நின்றுவிடுகிறது. எனவே ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினால், தசையும் எலும்பும் களைப்படையுமுன் மீள்கின்றன. 1972ஆம் ஆண்டு மூனிச் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே என்னும் அமெரிக்கர் இம்முறையைப் பரப்பினார். நடப்பது தோல்வியன்று, முன்னரே வகுத்த திட்டத்தின் பகுதி என்பதை அவர் ஓட்டக்காரர்களுக்கு ஏற்கச் செய்தார்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டலாகாது என்றொரு விதி ஓட்டக்காரர்களிடையே வழங்கிவருகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நான்கு மைல் ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்த 532 புதியவர்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு பிரிவினர் இவ்விதிப்படி 13 வாரம் மெல்ல ஏறினர். மற்றப் பிரிவினர் 8 வாரத்தில் வழக்கமான பயிற்சி செய்தனர். 2008ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றனர்! ஆகவே விழுக்காட்டுக் கணக்கைத் தாயத்தாகக் கட்டிக்கொள்வதில் பயனில்லை. பயிற்சி செய்த மறுநாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முதற் சில அடிகளைக் கவனிப்பதே நல்லது. முந்தின நாளைவிட வலியோ வீக்கமோ மிகுந்திருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். மிகவில்லையேல் அந்த அளவைக் கால் ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

பெங்களூருக்கே உரிய எச்சரிக்கையும் ஒன்றுண்டு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரம் மேடும் பள்ளமுமானது. மேட்டில் மூச்சு வாங்குவதால் மக்கள் மேட்டுக்கு அஞ்சுகிறார்கள். தேறிவரும் காலுக்கு அஞ்சத்தக்கது பள்ளமே. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கவேண்டியிருக்கிறது. மறுநாள் வலியும், முழங்காலின் முறையீடும் பெரும்பாலும் அங்கிருந்து வருவன. கப்பன் பூங்காவின் சமதளத்தில் மாதக்கணக்கில் நடந்து பழகியவர், வீதியின் இறக்கத்தில் முதல்முறையாக ஓடக்கூடாது. லால்பாக் பூங்காவில் பழமையான பாறையொன்று உண்டு. அதில் ஏறி, மெல்ல இறங்கிப் பழகுவதற்கு நுழைவுச் சீட்டுக்கு மேல் செலவில்லை.

நாங்கள் வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். வேகத்தைத் தீர்மானிப்பவன் தம்பி. அவனுக்கு முன்னால் எவரும் செல்வதில்லை. எவர் 'நில்' என்றாலும் நிற்பது. ஏன் என்று கேட்பதில்லை. நின்றவரோடு ஒருவர் தங்குவது, மற்றவர் தொடர்வது. இவற்றுள் மூன்றாவதை அன்று கையாள நேர்ந்தது. மூன்றாவது கிலோமீட்டரைக் கடந்ததும் என் மனைவி நில் என்றாள். கணுக்கால் வலிக்கவில்லை, தளர்கிறது என்றாள். சிறுமி அவளோடு தங்கினாள். தம்பியும் நின்றுவிடப் பார்த்தான். 'உங்கள் கால் உங்களை நிற்கச் சொல்லிற்றா?' என்று அவள் கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் நடந்தான், பிறகு ஓடினான், பிறகு நடந்தான். ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தோம். அந்த மாதத்திலேயே அவன் வேலைக்குத் திரும்பினான். முதலில் அரை நாள், பின்னர் முழு நாள்.

ஓட்டம் முடிந்த பிறகு கவனிக்க வேண்டியவற்றையும் கூறிவிடுகிறேன். இரண்டு நாள் வரை இரு தொடைகளும் ஒருசேர வலிப்பது இயல்பு. மெல்லிய நடை அதைத் தணிக்கும். பழைய காயம் பட்ட இடம் மட்டும் தனித்து வலித்தால் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடையோடு நிற்கவேண்டும். எலும்பின்மேல் விரல் நுனியால் சுட்டிக்காட்டத்தக்க ஒரே புள்ளியில் வலி இருந்து, அது இரவில் ஓய்விலும் தொடருமாயின், மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கலாம், மருத்துவரைக் காணவேண்டும். அண்மையில் அறுவையோ நெடுநாள் மாவுக்கட்டோ கண்டவருக்கு ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அது குருதிக்குழாயில் உறைவு ஏற்பட்டதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அந்நிலையில் நீவுதலும் கூடாது. மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருத்தலும் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஒற்றைக்கால் நிலை, குதிகால் பயிற்சி ஆகியவற்றை ஓட்டத்தோடு நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதமாவது தொடர்வது நல்லது.